பஞ்சவர்ணம் கை நனைத்தாள்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் பஞ்சவர்ணம் புருஷனுக்கு முகம் கொடுக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். "பொண்ணு கேட்டு ஆள் விட்டிருக்காங்க. ஒரு எட்டு போய் வூட்டைப் பார்த்துட்டு வந்தா என்ன குறைஞ்சுடும்?" என்று நல்லுசாமி கேட்டதற்கு அவள் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் தானாகவே வாயைத் திறந்தாள்.

"வரேன். ஆனா அந்த வூட்டுல கை நனைக்கக் கூடாது. நானும் நனைக்க மாட்டேன், நீங்களும் நனைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நல்லுசாமி அடுப்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். அதில் நெருப்பு வைத்து ஒன்றரை நாள் ஆகியிருந்ததால் கை சுடவில்லை.

கை நனைப்பது என்றால் என்னவென்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம், பொழுது சாயும்வரை உட்கார்ந்து பேசலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அவர்கள் வீட்டுப் பெண். அதற்கப்புறம் மாட்டேன் என்று சொன்னால் அது அவமானம், ஊர்ச் சண்டை, தலைமுறைப் பகை.

சுதந்திரம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மழை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவர்களுக்கு இருந்த மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டில் முதல் வருஷம் வரகு கருகியது. இரண்டாம் வருஷம் முளைக்கவே இல்லை. கிணற்றின் அடியில் கிடந்த சேறும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. உழவு மாடு இரண்டையும் லப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர் பிடித்துக்கொண்டு போனார். "அல்லா மழையைக் குடுப்பான், மனசை விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் இவர்கள் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஊரில் பாதிப் பேர் அரியலூர் போய் ரயிலேறிவிட்டார்கள்.

பஞ்சம் வந்தால் கல்யாணம் குறைந்துவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பங்குனியில் மட்டும் அந்தச் சின்ன ஊரில் நாலு கல்யாணம் நடந்தது. மேளம் இல்லை, பந்தல் இல்லை, ஒரு இலைச் சோறுகூட இல்லை. மஞ்சள் கயிற்றைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நாலு பெண்களில் பெரியவளுக்கு வயது பதிமூன்று, சின்னவளுக்கு ஒன்பது. வீட்டில் ஒரு வாய் குறைந்தது என்று பெற்றவர்கள் வெளியே சொன்னார்கள். உள்ளே என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதைக் கேட்க நமக்கு நெஞ்சில் தெம்பு வேண்டும்.

இப்போது பஞ்சவர்ணத்தின் மகள் வேம்புவின் முறை. வேம்புவுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கசப்பான பேர் வைத்தால் எமன் தொட மாட்டான் என்று வேம்பு என்று வைத்தார்கள். எமன் தொடவில்லை. தரகன் தொட வந்துவிட்டான்.

"கோயிலுக்குப் போயிட்டு வரோம். வாலிகண்டபுரத்துக்கு. பொழுது சாய வந்துடுவோம்" என்று மகளிடம் பொய் சொன்னாள் பஞ்சவர்ணம். பத்து மாதக் கைக்குழந்தை செல்லமுத்துவை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறு வயது ஆண்டாயியை வேம்புவின் பொறுப்பில் விட்டாள்.

"சாமிகிட்ட மழை கேளுங்க. வேற எதையும் கேட்டுட்டு இருக்காதீங்க, அதுக்கு மறந்துடும்" என்றாள் வேம்பு.

நல்லுசாமி சிரித்தான். பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழெட்டு மைல் நடை. பாதி வழியில் அவள் புளியமரத்தடியில் நின்றுவிட்டாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முன்னால் வேம்பு பறித்து வந்த கீரையில் தன் பங்கை அவள் பிள்ளைகளுக்கே தள்ளிவிட்டது நல்லுசாமிக்குத் தெரியும். அவன் தன் பங்கைத் தள்ளிவிட்டது அவளுக்குத் தெரியும்.

"பிள்ளையைக் குடு, நான் தூக்கிக்கிறேன்."

"வேணாங்க. உங்ககிட்ட வந்தா அழுவும்."

"என்கிட்ட வராமயும்தான் அழுவுது. குடு புள்ள."

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அந்தக் காலத்தில் ஒரு ஆண்பிள்ளை பொட்டல் வழியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் எதிரே வருகிறவன் கேலி பேசுவான். எதிரே வர அன்றைக்கு ஒரு ஆளும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தம். கவலை இறைக்கிற மாடு இரண்டு பின்னால் வந்து முன்னால் போக, கிணற்றிலிருந்து ஏறிய சால் கவிழ்ந்து தண்ணீர் வாய்க்காலில் குபுகுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் அப்படியே நின்றாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டு அவளுக்கு வருஷம் ஒன்றரை ஆகியிருந்தது.

மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவன்தான் சிங்காரவேலு. இருபத்தாறு வயது, ரெண்டாந்தாரம். இவர்களைப் பார்த்ததும் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். அதற்கப்புறம் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பஞ்சவர்ணம் மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை, அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவன் அம்மா கொளஞ்சியம்மாள் வாசலுக்கு வந்து, "வா தாயி, வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்களே" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஆளைப் பார்த்தாலே நல்ல மனுஷி என்று தெரிந்தது. பொல்லாத மாமியாராக இருந்திருந்தால் பஞ்சவர்ணத்தின் வேலை எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும்.

வேப்பமரத்து நிழலில் கட்டிலைப் போட்டு நல்லுசாமியை உட்காரவைத்தார் கொளஞ்சியம்மாளின் தம்பி அய்யம்பெருமாள். அந்த வீட்டில் பேச்செல்லாம் அவர்தான்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு முடியுதுங்க."

"சட்டத்துல பதினாலுன்னு போட்டிருக்கான். கேட்டா பதினாலுன்னு சொல்லிட்டுப் போறோம். மூஞ்சியில எழுதி ஒட்டியா இருக்கு?"

நல்லுசாமி தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு வாய் சாப்பிட்டுப் பேசலாம் வாங்க" என்று அவர் இரண்டு முறை கூப்பிட்டபோதும், "இருக்கட்டுங்க. பேச்சு ஒரு முடிவுக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது அவன் வயிறு சத்தம் போட்டது. அய்யம்பெருமாள் கேட்காத மாதிரி இருந்தார்.

பஞ்சவர்ணத்தைக் கொளஞ்சியம்மாள் உள்ளே அழைத்துப்போய் வீட்டைக் காட்டினாள். இரண்டு குதிர், ஒன்றில் கம்பு, ஒன்றில் நெல். பின்கட்டில் கறவை மாடு. அடுப்படியில் நெருப்பு அணையாமல் கிடந்தது. பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் பார்த்து, "நல்லா இருக்குங்க அத்தை" என்றாள். வேண்டாம் என்று எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் செல்லமுத்து அழ ஆரம்பித்தான். மார்பில் போட்டாள். இழுத்துப் பார்த்துவிட்டு விட்டான். மறுபடி இழுத்தான். பால் இல்லை. அவன் அழுகிற குரல்கூட முன்பு மாதிரி இல்லை, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தது.

கொளஞ்சியம்மாள் பானையிலிருந்து ஒரு வெண்கலக் கும்பா நிறைய மொண்டு, உப்புக்கல் போட்டுக் கலக்கி, அவள் முன்னால் வைத்தாள்.

"சோத்தைத் தின்னுன்னு சொன்னா நீ தின்ன மாட்டே. முறை எனக்கும் தெரியும். இது நீச்சத்தண்ணி. பால் குடுக்கிறவ வெறும் வயித்துல உக்காரக் கூடாது. குடி தாயி."

பஞ்சவர்ணம் யோசித்தாள். பழைய சோற்றில் ஊறிய தண்ணீர்தானே. குடிக்கிறதுக்குக் கை நனைய வேண்டியதில்லை. கும்பாவை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்தாள்.

குளிர்ச்சியாக, லேசான புளிப்போடு உள்ளே இறங்கியது. நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீர் தீர்ந்தது. கும்பாவின் அடியில் ஒரு பிடி நெல்லுச்சோறு வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் அவளைக் குற்றம் சொல்ல நினைக்கிறவர்கள் ஒரு ரெண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவள் கை அவளைக் கேட்காமல் உள்ளே போனது. ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவள் மென்றுகொண்டிருந்தாள்.

கொளஞ்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். தட்டிக்கொடுத்துக்கொண்டே, பழைய நினைப்பில் பேச ஆரம்பித்தாள்.

"அந்தப் புள்ளையும் இங்கதான் உக்காந்து தின்னும். மொத மருமவ. வந்தப்ப பதிமூணு வயசு. தாயம் வெளையாடக் கூப்பிடும் என்னை. வெளையாண்டிருக்கேன், இந்த வயசுல."

பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள்.

"பதினாலுல முழுகாம ஆயிடுச்சு. மூணு நாள் வலி. கிட்ட உக்காந்து கையைப் புடிச்சிட்டிருந்தேன். 'அத்தை, என்னை எங்கம்மாகிட்ட கொண்டு போய் வுட்டுடுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. புள்ளையும் தங்கல, அதுவும் தங்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் பொண்ண அப்படி வுட மாட்டேன் தாயி. மூணு வருசம் என் பக்கத்துலயே படுக்க வெச்சுக்குவேன். என் மவன் பக்கம் அனுப்ப மாட்டேன். என் தலை மேல ஆணை."

பஞ்சவர்ணத்துக்கு வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. ரெண்டாந்தாரம் என்று தரகன் சொன்னான். முதல் தாரம் காய்ச்சலில் போனதாகச் சொன்னான். அந்தப் பெண்ணின் வயதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தன் முதல் பிரசவம் ஞாபகம் வந்தது. பதினைந்து வயது, அதே மூன்று நாள் வலி. அவள் மட்டும் எப்படியோ பிழைத்து எழுந்தாள்.

கையை வெளியே எடுத்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா அய்யம்பெருமாள் வெற்றிலைத் தட்டு எடுக்க உள்ளே வர வேண்டும்?

"அட, சம்பந்தியம்மா கை நனைச்சாச்சா. அதைச் சொல்லாம நாங்க வெளிய தொண்டைத் தண்ணி வத்தப் பேசிட்டிருக்கோம்" என்றார் சந்தோஷமாக. வெளியே திரும்பி, "சிங்காரவேலு, மாட்டை நிறுத்துடா. முடிஞ்சு போச்சு" என்று குரல் கொடுத்தார்.

கவலை நின்றது. தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

நல்லுசாமி வாசற்படிக்கு வந்து பார்த்தான். பெண்டாட்டி தரையில் உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் கும்பா, விரலில் சோற்றுப் பருக்கை. சத்தியம் வாங்கினவள் அவள். அவள் அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை, அது எனக்கு வராது.

அவன் உள்ளே வந்தான். அவள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். கும்பாவில் மிச்சம் இருந்த சோற்றைத் தானும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வெற்றிலை மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண் வீட்டில் கை நனைப்பது, வைகாசி முதல் முகூர்த்தத்தில் தாலி என்று அய்யம்பெருமாளே பேசி அய்யம்பெருமாளே முடித்தார். வெள்ளிக்கிழமை என்றதும் நல்லுசாமியின் முகம் போன போக்கைக் கொளஞ்சியம்மாள் கவனித்துவிட்டாள். தன் தம்பிக்குத் தெரியாமல் மூன்று மரக்கால் அரிசியைச் சாக்கில் கட்டி, இவர்களைக் கொண்டுபோய் விடப் பூட்டிய வண்டியில் வைக்கச் சொன்னாள். "நாங்க வர அன்னிக்கு ஆக்குறதுக்கு. கூச்சப்படாதீங்க தம்பி, இனிமே ஒரே குடும்பம்" என்றாள்.

வண்டி ஓட்டியவர் அமாவாசை என்கிற வயசாளி. அந்த வீட்டின் நல்லதையெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பஞ்சவர்ணம் விசும்பிக்கொண்டே வந்தாள்.

"அழுவாத தாயி. கை நனைக்கிறதுன்னா ஒரு நாள் நனைச்சுத்தான் ஆவணும்" என்றார் அமாவாசை, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

வீடு வந்து சேரும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வேம்பு ஓடிவந்து தம்பியை வாங்கினாள். அமாவாசை சாக்கை உள்ளே கொண்டு வைத்துவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அவளிடம் ஏதோ பேசினார். பஞ்சவர்ணம் அதைக் கவனிக்கவில்லை. நேரே வறண்ட கிணற்று மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நல்லுசாமி பின்னாலேயே போனான்.

"என்னைத் திட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சத்தியம் வாங்கினவ நான்."

"நீ தண்ணிதான் குடிச்சே. அடியில சோறு இருந்தா அதுக்கு நீ என்ன பண்ணுவே."

"நீங்க ஏன் கையை வெச்சீங்க? நீங்களாவது வெறுங்கையோட நின்னிருக்கலாம்ல?"

நல்லுசாமி கொஞ்ச நேரம் காலடி மண்ணைக் கிளறினான். "நாளைக்குப் பேச்சு வரும். பொம்பளை சோத்துக்குப் பறந்தா, புருசன் நின்னான்னு பேசுவாங்க. உன்னை ஒருத்தியா அதுல வுட எனக்கு மனசு வரல."

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

"நான் பொண்ணைத் தள்ளிவுடப் பார்க்கிறேன்னுதானே நினைக்கிறே" என்றான் அவன். "போன வாரம் அது மலை ஊத்துலேருந்து குடத்தைத் தூக்கிட்டு வந்துச்சு. பாதி வழியில உக்காந்துடுச்சு. நான் காட்டுலேருந்து பார்த்தேன். எந்திரிக்க முடியல அதால. மெதுவா குடத்துல பாதித் தண்ணியைக் கீழ ஊத்திட்டு, மிச்சத்தைத் தூக்கிட்டு வந்துச்சு. வந்து, வழியில சிந்திடுச்சுப்பான்னு பொய் சொல்லுது என்கிட்ட. அன்னிக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. அங்க போனாலாவது உசுரோட இருக்கும்ல புள்ள."

பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தினாள். "அங்க போன பொண்ணு உசுரோட இல்லீங்க."

சொன்னாள். பதிமூன்று வயதில் வந்ததை, தாயம் விளையாடியதை, மூன்று நாள் வலியை, கடைசியில் அம்மாவிடம் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டதை எல்லாம் சொன்னாள். அவன் கேட்கக் கேட்கக் கிணற்று விளிம்பிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"காய்ச்சல்னு சொன்னானே அந்தத் தரகன்."

"அந்தம்மா மூணு வருசம் பக்கத்துல படுக்க வெச்சுக்குவேன்னு ஆணை வெச்சாங்க. பொய்யில்ல, மனசாரத்தான் சொன்னாங்க. மொத மருமவளுக்கும் மனசாரத்தான் சொல்லியிருப்பாங்க." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பெரம்பலூர்ல கஞ்சித் தொட்டி போடப் போறாங்களாம், ரோட்டு வேலை குடுப்பாங்களாம். பேச்சுதான். பொய்யாக்கூட இருக்கும். போய்ப் பார்ப்போம். கல்லு உடைப்போம். ஒண்ணும் இல்லாட்டி அரியலூர் போய் நாமளும் ரயிலேறுவோம். செத்தாலும் அது என் மடியில தலை வெச்சு சாவட்டும்."

"சாவைப் பத்திப் பேசாத."

"சரி, பேசல. சாக்கைத் திருப்பிக் குடுத்துடலாமா?"

பேச்சு கொடுத்தாயிற்று, வெற்றிலை மாற்றியாயிற்று. அய்யம்பெருமாள் லேசில் விடுகிற ஆள் இல்லை. நாளைக்கு இந்தப் பக்கம் யாரும் இவர்கள் வீட்டில் சம்பந்தம் பேச வரமாட்டார்கள். எல்லாம் நல்லுசாமிக்குத் தெரியும்.

"சாக்கை அவுக்காம வெச்சிருந்தா, காலையில நானே தலையில வெச்சுக் கொண்டு போறேன். முடிச்சு அவுக்கல, அப்படியே இருக்குன்னு சொன்னா ஒரு மரியாதை இருக்கும்" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். அன்று முழுக்க அவள் முகத்தில் இல்லாத ஒரு தெளிச்சி அப்போது வந்தது. இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

கூரைக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் ஓடினாள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாக்கின் வாய் திறந்து கிடந்தது. ஆண்டாயி அடுப்புக்கு நேராகச் சம்மணம் போட்டு, பானையைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வேம்பு தம்பிக்குக் குழைந்த சோற்றைக் கஞ்சியில் கரைத்து விரலால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருடி அதை அவுக்கச் சொன்னது?"

"அரைப்படிதாம்மா போட்டேன்."

"யாரு அவுக்கச் சொன்னது வேம்பு?"

வேம்பு தம்பியின் வாயைத் துடைத்துவிட்டாள். "கோயிலுக்குப் போகலேன்னு வண்டிக்காரரு சொல்லிட்டாரு. உங்கம்மா கை நனைச்சுட்டேன்னு வழியெல்லாம் அழுதுச்சு பாப்பான்னாரு. வெள்ளிக்கிழமை அவங்க இங்க வராங்கன்னாரு." குரலை இறக்கிக்கொண்டாள். "நீ அழ வேணாம்மா. நானே அவுத்தேன், நானே ஆக்கினேன், மொதல்ல நானே தின்னேன். நானும் கை நனைச்சுட்டேன். இனிமே உன்மேல தப்பு இல்ல."

பஞ்சவர்ணம் வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வூட்டுல தெனமும் நெல்லுச்சோறாம்மா?" என்றாள் வேம்பு. "நான் போனா ஆண்டாயிக்கும் தம்பிக்கும் குடுத்து அனுப்புவாங்களா? கேட்டியா நீ? அதைக் கேக்காமயே வந்துட்டியா?"

நல்லுசாமி வெளியே போய்விட்டான். ஆண்பிள்ளை அழுவதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

பஞ்சவர்ணம் திட்டவில்லை. உள்ளே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பானையை இறக்கி, சோற்றைத் தட்டில் போட்டு, ஊதி ஆறவைத்தாள். ஒரு உருண்டை பிடித்து ஆண்டாயி வாயில் வைத்தாள். அடுத்த உருண்டையை வேம்புவின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"எனக்கு எதுக்கு ஊட்டுறே? நான் பெரியவ" என்றாள் வேம்பு.

"வாயைத் திற."

திறந்தாள். மென்றுகொண்டே அம்மாவைப் பார்த்தாள். சாப்பிடச் சாப்பிட அந்தப் பிள்ளைக்கு வயது இறங்கிக்கொண்டே போய், கடைசி உருண்டைக்கு அவளும் ஆண்டாயியும் முண்டியடித்தார்கள்.

தட்டு காலியானதும் பஞ்சவர்ணம் எழுந்தாள். சாக்கின் வாயைச் சுருட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"விடிஞ்சதும் நான் கொண்டு போறேன். அவரு போக வேணாம். நான் நனைச்ச கை, நானே போய்ச் சொல்றேன். இதுல அரைப்படி குறையுது. என் பொண்ணு பசிக்கு ஆக்கித் தின்னுச்சு. அதுக்கு உங்க கொல்லையில குனிஞ்சு களை எடுத்துக் குடுக்குறேன், எத்தனை நாள் சொல்றீங்களோ அத்தனை நாள். அரைப்படி அரிசிக்குப் பொண்ணு இல்லேன்னு சொல்லிட்டு வரேன்."

வேம்புவுக்குப் பயம் வந்துவிட்டது. அம்மா சொல்வதில் பாதி அவளுக்குப் புரிந்தது, பாதி புரியவில்லை.

"அதுக்கும் மேல அவங்க வெள்ளிக்கிழமை வந்துட்டா என்னம்மா பண்ணுவே? வூட்டுல ஆக்க ஒண்ணுமில்லையே."

பதில் வாசலிலிருந்து வந்தது. நல்லுசாமி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றிருந்தான்.

"வரட்டும்" என்றான். "தண்ணி குடுப்போம்."